மெழுகில் பதிந்த ஜூலு பாட்டு: மிஷனரிகளின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதும் முறை

ஃபிரான்ஸ் மைர் ஆஸ்திரியாவின் திரோல் பகுதியில் 1865இல் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். 1890இல் இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போனார். 1860 முதல் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய அதே நேட்டால்தான். அங்கே பேசப்படும் ஜூலு மொழியை நன்றாகக் கற்று, அந்த மொழிக்குப் பாடநூலும் எழுதினார். வியன்னாவின் ஃபோனோகிராம் காப்பகத்துக்காக 1908இல் ஜூலு பாட்டுகளைப் பதிவு செய்தார். நேட்டால் அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் ஜூலு இசையைப் பற்றிய அவருடைய கட்டுரையும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆஸ்திரிய அறிவியல் கழகம் அந்தப் பதிவுகளை 2006இல் குறுந்தட்டாக வெளியிட்டதால், இன்று அவற்றை யாரும் கேட்க முடிகிறது.

இப்படிப்பட்ட பதிவு ஒன்றின் டிஜிட்டல் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் சொல், மெட்டு, குரல் அமைப்பு, ஆட்டம் ஆகியவற்றை எழுத்தில் கொண்டுவர விரும்புகிறவர்களுக்கான வழிமுறை இது. வேலையின் வரிசை முக்கியம். முதலில் வேகம், பிறகு சொல், பிறகு குரல்கள், கடைசியில் ஆட்டம். வேகம் சரியாகாமல் மெட்டை எழுதினால் சுருதி, லயம், பாடியவர் ஆணா பெண்ணா என்பதுவரை எல்லாமே தவறிப்போகும்.

தேவையானவை குறைவு. காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஒன்று. ஒலியைத் திருத்த ஆடாசிட்டி, சுருதி அளக்க பிராட், ஒலியைப் படமாகப் பார்க்க சோனிக் விஷுவலைசர், ஒலியோடு எழுத்தை அடுக்கடுக்காகப் பொருத்த எலான் என்ற நான்கு இலவச மென்பொருள்கள். ஒரு ஜூலு அகராதி. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஜூலுவைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவருடைய நேரம். முடிந்தால் குவாசூலு நேட்டாலின் கிராமப்புறத்தில் வளர்ந்த பெரியவராக இருக்கட்டும். அவர் இல்லாமல் மெட்டை ஓரளவு எழுதிவிடலாம், சொற்களை எழுத முடியாது.

கையில் இருப்பது எது?

ஒரே பாட்டு நான்கு வடிவங்களில் உங்களை வந்தடையலாம்: மூல மெழுகிலிருந்து நேராக எடுத்த நகல், உலோக அச்சிலிருந்து வார்த்த மெழுகின் நகல், அந்த வார்ப்பை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒலிநாடாவில் ஏற்றியதன் நகல், அந்த நாடாவைச் சுத்தம் செய்து வெளியிட்ட குறுந்தட்டு. ஒவ்வொரு படியிலும் வேகம் மாறியிருக்கலாம், சத்தம் வடிகட்டப்பட்டிருக்கலாம். ஆகவே காப்பகத்துக்கு எழுதும்போது “இந்தக் கோப்பு எதிலிருந்து, எந்த ஆண்டில், எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது? வடிகட்டாத கோப்பு உண்டா?” என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இத்தகைய பதிவுகளைச் சேர்த்த வியன்னா, பெர்லின் என்ற இரண்டு காப்பகங்களின் பழக்கமும் ஒன்றல்ல. வியன்னா காப்பகம் 1899இல் தொடங்கியது. அங்கே வடிவமைத்த கருவி, எடிசன் முறையில் மேலும் கீழுமாக வெட்டும் ஊசியைக் கொண்டு மெழுகுத் தட்டில் பதிந்தது. பிறகு அந்தத் தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்தார்கள். பெர்லின் காப்பகம் 1900இல் கார்ல் ஷ்டும்ஃப் தொடங்கியது. அங்கே எடிசன் உருளைகள்தான். உருளையின் மேல் செம்பு படியவைத்து எதிரச்சு எடுத்தபோது மூல மெழுகு அழிந்தது. அதனால் பெர்லின் பதிவு பலவற்றில் செம்பு அச்சுதான் இன்று நமக்கு இருக்கும் மூலம். இரண்டு தொகுப்புகளையும் யுனெஸ்கோ 1999இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அபூர்வமாக, ஒரு பழைய மிஷன் வீட்டின் அலமாரியில் உருளையே கிடைக்கலாம். அதை ஃபோனோகிராஃபில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பழைய கருவியின் கனத்த ஒலித்தலை ஒரே ஓட்டத்தில் மெழுகைச் சீவிவிடும். உருளையின் வெளிப்பக்கத்தில் விரல் படக்கூடாது. இரண்டு விரல்களை உள்துளையில் விட்டு, மெதுவாக விரித்துத் தூக்க வேண்டும். வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். துடைத்தால் வரிப்பள்ளமும் சேர்ந்து போகும். மெழுகுக்கு வெப்பம் ஆகாது. ஏறி இறங்கும் வெப்பம் அதைவிட மோசம், குளிர்ந்த அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுபோனாலே வெடிப்பு விழும். பெட்டியோடு 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய உலர்ந்த அறையில் வைத்துவிட்டு, உருளையை இலேசான ஊசியால் படிக்கும் வசதியுள்ள ஒலிக்காப்பகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். டிஜிட்டல் கோப்பை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கேளுங்கள். பாட்டு 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எட்டாவிட்டாலும், கீறல் சத்தங்களைத் துல்லியமாகப் பிரித்தறிய அந்த மிகுதி உதவும்.

கோப்பு வந்தவுடன் அதை மூன்றாக்குங்கள்: கை வைக்காத மூலம், வேகம் திருத்தியது, கேட்பதற்காக வடிகட்டியது. அளவீடுகளை முதல் இரண்டில் மட்டும் எடுக்க வேண்டும்.

வேகம்

சாதாரண உருளை சுமார் 5.5 செ.மீ. விட்டமும் 10.5 செ.மீ. நீளமும் உள்ளது. ஓர் அங்குலத்துக்கு 100 வரிகள். நிமிடத்துக்கு 160 சுற்று வேகத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பதியலாம். பாட்டு நீளமாக இருந்தால் பதிவாளர் 120க்கோ 100க்கோ குறைத்துவிடுவார். 120 சுற்றில் பதிந்ததை 160இல் ஓட்டினால் பாட்டு முழுவதும் ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்யமம் வரையிலான தூரத்துக்கு உயர்ந்துவிடும், லயம் மூன்றில் ஒரு பங்கு விரைவாகும். ஆண்கள் பாடும் அமாஹுபோ என்ற கனத்த குலப்பாட்டு சிறுவர் பாட்டாகிவிடும்.

இதற்கு மருந்து சுருதி ஊதல். பதிவின் தொடக்கத்தில் 435 ஹெர்ட்ஸ் ஒலிக்கும் சிறு குழலை ஊதும்படி பெர்லின் காப்பகம் தன் பதிவாளர்களுக்குக் கட்டளையிட்டிருந்தது. ஊதல் இருக்கும் பதிவில் வேலை எளிது. பிராட்டில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, சுருதி எல்லையைக் கீழே 380, மேலே 600 என்று வையுங்கள். ஊதலின் நடுப்பகுதியில் மட்டும் அளக்க வேண்டும். தொடக்கத்தில் மூச்சு அழுத்தம் நிலைப்படாததால் சுருதி சறுக்கும். 452 ஹெர்ட்ஸ் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 435ஐ 452ஆல் வகுத்தால் 0.962. அதாவது வேகத்தை 3.8 விழுக்காடு குறைக்க வேண்டும். சுருதி 66 சென்ட் இறங்கும் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 120 விநாடிக் கோப்பு ஏறத்தாழ 125 விநாடி ஆகும். ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை லயத்தைப் பழைய தவறிலேயே விட்டுவிடும்.

கணக்கு முடிந்தாலும் வேலை முடியவில்லை. கருவி சுருள்வில்லால் ஓடியது. வில் தளரத் தளரப் பதிவின் வேகம் குறையும். குறைந்த வேகத்தில் பதிந்த பகுதியைச் சீரான வேகத்தில் திருப்பி ஓட்டும்போது சுருதி ஏறிக் கேட்கும். “பாடப் பாடப் பாடகர்கள் சுருதி ஏறிவிட்டார்கள்” என்ற குறிப்பைப் பழைய ஆய்வுகளில் கண்டால் முதலில் வில்லைச் சந்தேகியுங்கள். இரண்டு முனையிலும் ஊதல் இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். திருத்திய கோப்பின் தொடக்கத்தில் 435, முடிவில் 442 என்றால், 28 சென்ட் ஏற்றம் கருவியுடையது. அதைக் கோப்பு நெடுகச் சீராகப் பகிர்ந்து கழிக்கலாம். ஒரே ஓர் ஊதல்தான் இருக்கிறது என்றால் ஏற்றத்தைத் திருத்தாதீர்கள், குறித்து மட்டும் வையுங்கள். ஏனென்றால் பாடகரும் உண்மையில் ஏறியிருக்கலாம்.

ஊதலின் சுருதியும் மூச்சுக்கும் வெப்பத்துக்கும் ஏற்பச் சில சென்ட் நகரும். எனவே பாட்டின் ஆதார சுருதியை ஒரு சென்ட் துல்லியத்தில் எழுதுவதில் பொருள் இல்லை. சுரங்களுக்கு இடையிலான தூரம்தான் நம்பத்தக்கது, அதற்கு வேகப் பிழை பாதிப்பில்லை.

சுழற்சியோடு சேர்ந்து வரும் ஆட்டத்தையும் அடையாளம் காணுங்கள். 160 சுற்றில் ஒரு சுழற்சி 0.375 விநாடி, 120 சுற்றில் 0.5 விநாடி. குரல் இதே இடைவெளியில் சீராக மேலும் கீழும் அசைந்தால் அது உருளை வளைந்ததன் விளைவு, பாடகரின் கமகம் அல்ல. வெடிப்பு விழுந்த உருளையில் அதே இடைவெளியில் ‘டக்’ என்ற ஒலியும் வரும். இது கைதட்டல் என்று எழுதப்பட்டுவிடும் ஆபத்து மிகப் பெரியது. சோதனை எளிது: வெடிப்பின் ஒலி இடைவெளி மாறாமல், பாட்டு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் தொடரும். மனிதர் தட்டும் தட்டு பாட்டோடு விரைந்து பாட்டோடு தளரும்.

ஊதலே இல்லாத பதிவுக்கு உறுதியான வழி இல்லை. அதே நாளில் அதே குழு பாடிய, ஊதலுள்ள பதிவோடு ஒப்பிடுங்கள். பாதிரியாரே பெயரும் இடமும் சொல்லித் தொடங்கியிருந்தால் அவர் பேச்சின் சுருதியை மற்ற பதிவுகளில் உள்ள அவர் பேச்சோடு பொருத்துங்கள். “இந்த ஆட்டத்தின் லயம் இன்று இவ்வளவு, ஆகவே அன்றும் இவ்வளவு” என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவது மட்டும் கூடாது. கண்டுபிடிக்க வேண்டியதையே அளவுகோலாக்குவதாகிவிடும்.

கூம்பு எதை விழுங்கியது?

அக்காலப் பதிவில் மைக் இல்லை. கூம்புக்குள் போன காற்றின் அசைவே ஊசியை அசைத்து மெழுகை வெட்டியது. ஏறத்தாழ 200 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரைதான் உருப்படியாகப் பதியும். இதற்கு வெளியே உள்ளவை பலவீனமாக வரும், அல்லது வராது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் குறையும்.

ஜூலுவில் சி, க்யூ, எக்ஸ் என்ற எழுத்துகளால் குறிக்கும் மூன்று வகைச் சொடுக்கொலிகள் உண்டு. பல்லருகே நாவைச் சுண்டும் சி, பக்கவாட்டில் சுண்டும் எக்ஸ் இரண்டின் வலிமையும் உயர் அதிர்வெண்களில் இருப்பதால் மெழுகில் மங்கிவிடும். ‘த்’ போலக் கேட்கும், சில நேரம் வெற்றிடமாகவே இருக்கும். அண்ணத்தில் வெடிக்கும் க்யூ ஓரளவு தப்பும். ‘ஸ்’ என்பதும் ‘ஃப்’ என்பதும் ஒன்றாகக் கேட்கும். எனவே ஒரு சொல்லில் இடைவெளி விழுந்தால் அங்கே மெய்யெழுத்து இல்லை என்று முடிவு கட்டாமல், இந்த ஐந்தில் எதைப் போட்டால் பொருள் வருகிறது என்று உங்கள் ஜூலு நண்பரிடம் கேளுங்கள்.

மென்பொருளில் உள்ள தானியங்கி ‘டிக்ளிக்’ வசதியைத் தொடவே வேண்டாம். அதற்குக் கீறல் எது, கைதட்டல் எது, க்யூ ஒலி எது என்று தெரியாது. மூன்றையும் சேர்த்து அழிக்கும். இரைச்சல் நீக்கியும் மெல்லிய பின்பாட்டுக் குரல்களை விழுங்கிவிடும். கேட்கும் கோப்பில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4000க்கு மேலும் வெட்டினால் போதும். காது களைப்பது குறையும்.

வில் கருவி உள்ள பதிவு தனிக் கவனம் கேட்கும். உகுப்ஹு, உமக்வேயானா என்பவை ஒற்றை நரம்பு வில்கள். வில்லில் கட்டிய சுரைக்குடுக்கையின் வாயைப் பாடுபவர் மார்போடு நெருக்கியும் விலக்கியும் நரம்பின் மேற்சுரங்களை, அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் அதன் மடங்குகளை, தேர்ந்து ஒலிக்கச் செய்வார். நரம்பை ஒரு புல்தண்டால் தட்டுவார். குடத்தின் மேல் வில்லைச் சாய்த்து வீசுகோலால் அடிக்கும் நம் வில்லுப்பாட்டை நினைத்துக்கொண்டு கேட்டால் காது தவறான இடத்தில் நிற்கும், இங்கே வில்லிலிருந்தே மெல்லிய மெட்டு ஒன்று வருகிறது. உகுப்ஹுவில் குடுக்கை வில்லின் கீழ்முனை அருகே இருக்கும். திறந்த நரம்பு, விரல் வைத்த நரம்பு என இரண்டு அடிச்சுரங்கள், இடைவெளி ஏறத்தாழ அரைச்சுரம். உமக்வேயானாவில் நரம்பை ஒரு வளையம் இரண்டாகப் பிரிக்கும், குடுக்கை அந்த இடத்தில் வரும். இரு பகுதிகளும் விரல்கணு தொடும் இடமுமாக மூன்று அடிச்சுரங்கள். அடிச்சுரங்களின் கனம் கூம்புக்கு எட்டாது. தட்டும் ஒலியும் மேற்சுரங்களும்தான் பதியும். ஆகவே கேட்கும் சுரங்களை எழுதிவிட்டு, அவை எந்த அடிச்சுரத்தின் மடங்குகளாக முடியும் என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரண்டு தொகுதிகளாகப் பிரிந்து, தொகுதிகளுக்கு இடையே அரைச்சுரம் வந்தால் உகுப்ஹுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கர்நாடக இசை பழகிய காது ஐந்து சுரம் கேட்டவுடன் ராகப் பெயர் தேடும். அதை விட்டுவிடுங்கள். இந்தச் சுர அடுக்கு இரண்டு அடிச்சுரங்களுக்கு நடுவே ஊசலாடும் இசையிலிருந்து வருகிறது. ஒரே ஆதார ஷட்ஜம் அதற்கு இல்லை. தம்பூரா சுருதியைப் பின்னால் ஓடவிட்டுக் கேட்டால் பாதி நேரம் பாட்டு அபசுரமாகத் தோன்றும்.

சொற்கள்

பதிவோடு வரும் குறிப்புத்தாளில் பாதிரியார் எழுதிய வரிகள் இருக்கும். அவை அன்றைய எழுத்துமுறையில் இருக்கும். அன்று ‘க’ ஒலியின் மூச்சு வகைக்கும் மூச்சில்லா வகைக்கும் ஒரே எழுத்து. ‘ப’ ஒலியின் இரு வகைக்கும் அப்படியே. இன்று எச் சேர்த்துப் பிரிக்கிறார்கள். அதனால் இன்றைய அகராதியில் ஒரு சொல் கிடைக்காவிட்டால் எச் சேர்த்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை தேடுங்கள். இன்று டி, எல் என்று எழுதும் ஒலியை அன்று நடுவில் எச் வைத்து எழுதினார்கள். இன்னொன்று: அன்று முன்னொட்டுகளைப் பிரித்துத் தனித்தனிச் சொல்லாக எழுதினார்கள், இன்று சேர்த்து எழுதுகிறார்கள். ‘உ யா ஹம்பா’ என்று மூன்றாகக் கிடந்தது இன்று ‘உயாஹம்பா’ என்ற ஒற்றைச் சொல். பிரித்த துண்டுகளை அகராதியில் தேடினால் சம்பந்தமில்லாத பொருள்தான் கிடைக்கும்.

எலானில் நான்கு அடுக்குகள் வைத்துக்கொள்ளுங்கள்: குறிப்புத்தாளில் உள்ளபடி, காதில் கேட்டபடி, இன்றைய எழுத்துமுறையில், தமிழ்ப் பொருள். முதல் இரண்டும் ஒத்துப்போகாத இடங்களே அதிகம். பாதிரியார் வரிகளை எழுதியது பெரும்பாலும் பாடகரிடம் பேச்சாகச் சொல்லச் சொல்லி. பாடும்போது வரும் ‘வோ’, ‘ஹோ’, ‘இயா’ போன்ற பொருளற்ற அசைகளும் மீள்வரிகளும் தாளில் இருக்காது. ஆனால் பின்பாட்டின் பெரும்பகுதி அந்த அசைகள்தான். அவற்றை விட்டுவிட்டால் பாட்டின் எலும்பே போய்விடும்.

ஜூலு சுருதி மொழி. சொல்லின் ஏற்ற இறக்கம் மெட்டைப் பிடித்து இழுக்கும். அதிலும் இன்று பிஎச், டி, ஜி, இஸட், வி என்ற எழுத்துகளால் குறிக்கும் சில குரலொலி மெய்கள் தமக்கு அடுத்த உயிரின் தொடக்கத்தைக் கீழே அழுத்தும். பாட்டில் இது கீழிருந்து மேலே வழுக்கும் சிறு சறுக்கலாகக் கேட்கும். பழைய மேற்கத்திய சுரக்குறிப்புகள் இதை இரண்டு தனிச் சுரங்களாக எழுதின, அல்லது விட்டுவிட்டன. ஒரு சுரத்துக்கு முன் சாய்கோடு இட்டு எழுதுவதே சரி. சறுக்கல் எப்போதும் இந்த மெய்களுக்குப் பின்தான் வருகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அது மொழியின் வேலை. மற்ற இடங்களிலும் வந்தால் பாடகரின் பாணி.

குரல்கள்

ஜூலு கூட்டுப்பாட்டில் முன்பாட்டும் பின்பாட்டும் மாறி மாறி வருவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறும். முன்பாட்டுக்காரர் வரியைத் தொடங்குவார்; அது முடியும் முன்பே பின்பாட்டு புகும்; பின்பாட்டு முடியும் முன் அவர் மறுபடி தொடங்குவார். எல்லோரும் சேர்ந்து தொடங்கும் இடமோ சேர்ந்து நிறுத்தும் இடமோ இல்லாமல் பாட்டு வட்டமாகச் சுற்றும். இதை நேர்கோட்டில், பல்லவி சரணம் என்று எழுதினால் அமைப்பு மறைந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஒரு முழுச் சுற்றின் நீளத்தைக் கண்டுபிடியுங்கள். பின்பாட்டின் ஒரே அசை இரண்டாம் முறை வரும் இடம்வரை அளந்தால் கிடைக்கும். அதைக் கைதட்டு உள்ள பாட்டானால் தட்டுகளாலும், இல்லாவிட்டால் மிகச் சிறிய சம அசை அளவாலும் வகுங்கள். பிறகு ஒவ்வொரு குரலும் சுற்றின் எத்தனையாவது அளவில் புகுகிறது என்று எண்ணால் குறியுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு இந்த எண்கள் மாறாமல் வந்தால் அமைப்பு பிடிபட்டது. ஆதி தாளம், ரூபகம் என்று எதையும் முன்கூட்டிப் போட்டுப் பார்க்காதீர்கள். சொல் தொடங்கும் இடமும் கால் விழும் இடமும் வேண்டுமென்றே விலகி நிற்பது இந்த இசையின் இயல்பு. சொல் தொடக்கத்தைச் சமம், அதாவது தாளம் தொடங்கும் இடம், என்று எடுத்துக்கொண்டால் தட்டுகள் எல்லாம் தவறிய இடத்தில் விழுவதுபோலத் தெரியும்.

முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் நம்ப வேண்டாம். கூம்புக்கு முன் நின்று கை அசைப்புக்குக் காத்திருந்தவர்கள் முதல் சுற்றில் தயங்குவார்கள். கடைசியில் மெழுகு தீர்ந்ததே தவிரப் பாட்டு தீரவில்லை. “பாட்டு இங்கே முடிகிறது” என்று எழுதாமல் “பதிவு இங்கே நிற்கிறது” என்று எழுதுங்கள். நெடுநேரம் சுற்றிச் சுற்றி வளரும் பாட்டின் இரண்டு நிமிடம் இது.

எத்தனை பேர் பாடினார்கள் என்பதையும் பதிவிலிருந்து சொல்ல முடியாது. கூம்பின் வாயருகே நின்றவர் குரல் பெரிதாகவும், இரண்டடி தள்ளி நின்றவர் குரல் நிழலாகவும் விழும். பல நேரம் பாதிரியாரே குழுவை இரண்டு மூன்று பேராகக் குறைத்திருப்பார். கீழ்க்குரல் கேட்கவில்லை என்பதற்காகக் கீழ்க்குரல் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

ஆட்டம்

ஒலியில் ஆட்டத்தைத் தேடும்போது அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பாடகர்கள் கூம்பை விட்டு நகரக்கூடாது. கால் ஓங்கித் தரையில் விழுந்தால் மேசை அதிர்ந்து ஊசி துள்ளும். அதனால் ஆட்டப்பாட்டுகளும் நின்றபடி பாடப்பட்டவையாக இருக்கும் வாய்ப்பே அதிகம். காதில் அகப்படக்கூடியவை இவை: கைதட்டல் கூர்மையான ஒலியாக வரும், பெண்களின் குலவை உயர்ந்த அதிர்வாகத் தெளிவாக வரும், கணுக்காலில் கட்டும் அமாஃபஹ்லவானே கிலுகிலுப்பை உயர் அதிர்வெண் என்பதால் வெறும் இரைச்சலாக வரும், ஆண்கள் கேடயத்தில் தட்டுவது மந்தமான அடியாக வரும். காலடி பெரும்பாலும் ஒலியாக வராது. ஊசி துள்ளியதால் எல்லாக் குரலும் ஒரே நொடியில் வெட்டுப்பட்டுத் திரும்பும் இடங்கள் சீராக வந்தால், அங்கே யாரோ ஆடியிருக்கிறார்கள்.

முரசு கேட்பதாகத் தோன்றினால் மூன்று முறை சோதியுங்கள். பழைய ஜூலு ஆட்டத்துக்கு முரசு துணையாக வருவதில்லை. கால், கை, கேடயம் ஆகியவையே தாளம். பெண் பருவமடையும் சடங்கில் ஒலிக்கும் இங்குங்கு, தோல் போர்த்த பானையில் நாணலை உரசி ஒலி எழுப்பும் கருவி. அதன் ஒலி அடிபோல இருக்காது, உறுமல்போல இருக்கும்.

வகைப்பெயரைக் குறிப்புத்தாளில் உள்ளபடி எடுக்காமல் சரிபாருங்கள். அமாஹுபோ குலத்துக்கும் படைப்பிரிவுக்கும் உரிய கனத்த பாட்டு. இன்கொன்ட்லோ, இசிகெக்லே திருமண ஆட்டப்பாட்டுகள். இமிலொலொஸெலோ குழந்தைப் பாட்டு. இஸிபொங்கோ பாட்டே அல்ல, புகழுரை. விரைவாக, மேலிருந்து கீழிறங்கும் சுருதியில் உரைப்பது. பாதிரியார் “போர்ப்பாட்டு”, “கல்யாணப் பாட்டு” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தச் சொல்லை அப்படியே மேற்கோளாக வைத்துவிட்டு, ஜூலு வகைப்பெயரை உங்கள் முடிவாகத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

மிஷனின் கை எங்கே பட்டது?

பல மிஷன் நிலையங்களில் மதம் மாறியவர்கள் கல்யாண ஆட்டத்துக்கும் பீர் விருந்துக்கும் போகக்கூடாது என்ற விதி இருந்தது. அதே நிலையத்தைச் சேர்ந்தவர் பதிவுக் கருவியோடு வந்து நிற்கும்போது யார் பாட முன்வருவார்கள், எதைப் பாடுவார்கள், எந்த வரியை விழுங்கிவிடுவார்கள் என்று யோசிக்க வேண்டும். மதம் மாறிய அமாகொல்வா குடும்பங்களில் ஞானப்பாட்டுகளின் நான்கு குரல் இணைப்பு ஏற்கெனவே ஊறியிருந்தது. எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் தொடங்கி, மூன்றாம் சுர இடைவெளியில் இணையாக நடந்து, மேற்கத்திய முடிப்போடு நின்றால் ஞானப்பாட்டின் தடம் வலுவாக இருக்கிறது. விலகி விலகிப் புகுந்து, நான்காம் ஐந்தாம் சுர இடைவெளிகளில் நடந்தால் பழைய முறை. இரண்டும் ஒரே பாட்டில் கலந்திருந்தால் அதுவும் 1908இன் உண்மைதான். கலப்பைக் கழித்து ‘தூய’ வடிவம் ஒன்றை எழுத முயலாதீர்கள்.

அரசியலும் பக்கத்தில் நிற்கிறது. பம்பதா என்ற ஜூலு தலைவரின் தலைமையில் நேட்டாலில் வரி எதிர்ப்பு எழுச்சி நடந்தது 1906இல். ஜூலு அரச குடும்பத்தின் தினுஜூலு 1907 டிசம்பரில் சரணடைந்தார்; 1908 நவம்பரில் கிரேடவுனில் அவர்மேல் வழக்கு தொடங்கியது. அந்த மாதங்களில் படைப்பிரிவின் பெயரோ அரசரின் பெயரோ வரும் ஒரு வரியை வெள்ளைப் பாதிரியாரின் கருவிமுன் பாடுவது சாதாரணச் செயல் அல்ல. இப்படிப் பெயர் வரும் வரிகளைத் தனியாகக் குறித்து, பதிவின் மாதத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

குறிப்புத்தாளில் பாதிரியாரின் பெயர் முழுதாக இருக்கும். பாடியவர் “ஒரு பெண்”, “ஜூலு சிறுவர்கள்” என்று இருப்பார். உங்கள் அட்டவணையில் ‘பாடியவர்’ என்ற கட்டத்தை முதலில் வையுங்கள், ‘பதிவு செய்தவர்’ அதற்குப் பின். பெயர் தெரியாவிட்டால் “பெயர் எழுதப்படவில்லை” என்று வெளிப்படையாக எழுதுங்கள். அன்றைய ஐரோப்பியர் ஆப்பிரிக்கரைக் குறிக்க எழுதிய இழிசொல் தாளில் இருந்தால், மூலத்தின் படியில் மட்டும் அது இருக்கட்டும். தலைப்பிலும் தேடுசொல்லிலும் ஏற்ற வேண்டாம்.

வெளியிடும் முன்

அமாஹுபோ வகையில் விழும் எதையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். குலத்தின் பாட்டு அந்தக் குலத்துக்குரியது. உரிய சடங்கில் மட்டும் எழும்புவது. நூறாண்டு கடந்ததால் பதிப்புரிமை தீர்ந்திருக்கலாம், குலத்தின் உரிமை தீரவில்லை. வரிகளில் எந்தக் குலப்பெயர் வருகிறது என்று பார்த்து, அந்தக் குலத்தின் பெரியவர்களுக்கு ஒலியைக் கேட்கக் கொடுத்து, அவர்கள் சொல்லும்படி நடக்க வேண்டும். தொடர்பு தேட, தென்னாப்பிரிக்காவின் மகாண்டா நகரில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆப்பிரிக்க இசை நூலகம் நல்ல தொடக்கம். இசை ஆய்வாளர் ஹ்யூ டிரேசி 1954இல் தொடங்கியது அது. பழைய பதிவுகளைப் பாடிய ஊர்களுக்கே திருப்பிக் கொண்டுசேர்த்த அனுபவம் அங்கே இருக்கிறது.

கேட்கக் கொடுக்கும்போது வடிகட்டிய கோப்பைக் கொடுங்கள், வேகம் திருத்தியதிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். முதல் முறை எழுத்துப்படியைக் காட்டாதீர்கள். காட்டினால் கேட்பவர் காதை விட்டுத் தாளைப் படிக்கத் தொடங்கிவிடுவார், பாதிரியாரின் பிழைகளும் அப்படியே உறுதியாகிவிடும். ஒரு சுற்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அவர் வாயோடு பாடிக்காட்டுவதைப் புதிதாகப் பதிவு செய்து, அதற்கும் அவர் பெயரிலேயே கோப்பு எண் கொடுங்கள். அதன் பிறகுதான் தாளை எடுக்க வேண்டும். அவர் திருத்தும் ஒவ்வொரு சொல்லையும் எலானில் ஐந்தாவது அடுக்காக, யார் எந்த நாளில் சொன்னது என்ற குறிப்போடு சேருங்கள். பழைய நான்கு அடுக்குகளையும் அழிக்காமல் விடுங்கள்.